ஏரி காத்த ராமரும் ஏரி காத்த எங்க தாத்தாவும்

மதுராந்தகம் ஏரிக்கரைக்குக் கீழே ஒரு ராமர் கோயில் இருக்கிறது. சாமிக்குப் பேர் ஏரி காத்த ராமர். கதை செங்கல்பட்டுச் சீமையில் எல்லாருக்கும் தெரியும். 1790களில் கும்பினியார் ஜாகீருக்கு லயனல் பிளேஸ் என்று ஒரு கலெக்டர். மழை பிடித்தால் மதுராந்தகம் ஏரி உடைந்துகொள்ளும். மராமத்து பார்த்தும் நிற்கவில்லை. கோயில்காரர்கள் தாயாருக்கு ஒரு சன்னதி கட்டித் தரச்சொல்லிக் கேட்டார்கள். உங்கள் சாமி இந்த மழைக்கு ஏரியைக் காப்பாற்றட்டும், கட்டித் தருகிறேன் என்றார் துரை. 1798ல் அடைமழை. நடுராத்திரியில் துரை கரைக்குப் போனார். மின்னல் வெளிச்சத்தில் இரண்டு பேர் கரைமேல் நடந்துகொண்டிருந்தார்கள். கையில் வில். ராமனும் லட்சுமணனும்தான் என்று துரை மண்டியிட்டார். கரை நின்றது. சன்னதி எழுந்தது. பிளேஸ் துரையின் தருமம் என்று கல்லிலும் வெட்டிவைத்தார்கள்.

பகுத்தறிவு பேசுகிறவர்கள் இதைக் கட்டுக்கதை என்று தள்ளிவிட்டுப் போவார்கள். நான் தள்ளமாட்டேன். அந்த ராத்திரி கரைமேல் இரண்டு பேர் நடந்தார்கள் என்பதை நான் முழுசாக நம்புகிறேன். ஏரி ரொம்பிய ராத்திரியில் கரைமேல் ஆள் நிறுத்தாமல் எந்த ஊரும் தூங்கியதில்லை. தோளில் மண்வெட்டியும் கையில் நீளக் கழியுமாக நடக்கிறவனைத் தூரத்திலிருந்து மின்னலில் பார்த்தால் வில் பிடித்தவன் மாதிரிதான் தெரியும். என் சந்தேகமெல்லாம் ஒன்றுதான். அந்த இரண்டு பேர் எந்தத் தெருக்காரர்கள்? ஊரா, சேரியா?

1

எங்க தாத்தா நீர்க்கட்டி. மதுராந்தகத்துக்கு மேற்கே ஒரு சின்ன ஏரி, அதை நம்பி ஓர் ஊர், ஊரை ஒட்டாமல் ஒரு சேரி. மதகைத் திறப்பது, மூடுவது, எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் என்று பங்கிட்டு விடுவது, கால்வாயில் மண் தள்ளுவது, மழைக்காலத்தில் ராத்திரி பகலாகக் கரை பார்ப்பது, இதுதான் நீர்க்கட்டி வேலை. வெட்டியான், தோட்டி, நீர்க்கட்டி என்று கிராம ஊழியத்தின் கடைசி வரிசையில் நின்றவர்கள் பெரும்பாலும் சேரிக்காரர்களே. தெற்கே போனால் பள்ளர்கள், இங்கே பறையர்கள். பேர் மாறும், தெரு மாறாது.

ஏரிப் பாசனம் பற்றி எழுதுகிற அறிஞர்கள் ஒரு விஷயத்தை வியந்து எழுதுகிறார்கள். தண்ணீர் பங்கிடுகிறவனுக்கு அந்த ஆயக்கட்டில் நிலம் கிடையாது, அதனால் அவன் பாரபட்சம் காட்டமாட்டான், என்ன அருமையான ஏற்பாடு என்று. நிலம் இல்லாமல் வைத்திருந்ததையே தகுதிச் சான்றிதழாக மாற்றிவிடுகிறார்கள். ஊருக்கெல்லாம் தண்ணி காட்டியவன் தனக்கென்று ஒரு காணி நனைக்கவில்லை என்பது இவர்களுக்கு நடுநிலைமை. எங்களுக்கு அது பசி.

கூலி களத்துமேட்டில் கிடைக்கும். தூற்றி அளந்து முடித்த பிறகு மேரை, சுதந்திரம் என்று மரக்கால் கணக்கில் போடுவார்கள். செங்கல்பட்டுச் சீமையின் பழைய வருவாய்க் கணக்குகளில் சுதந்திரம் என்றால் களத்தில் அளக்கிற இந்தப் பங்கு நெல்தான். "ஊருக்கெல்லாம் நாப்பத்தேழுலதான் சுதந்திரம் வந்துச்சு. நமக்கு வருஷா வருஷம் களத்துமேட்டுல குடுத்தாங்க. அதுலயும் பாதி கருக்கா" என்று சொல்லிவிட்டு தாத்தா சிரிப்பார்.

1980ல் கர்ணம், மணியம் பதவிகளை அரசாங்கம் ஒழித்தது. எங்கள் ஊரில் மேரை அளப்பதும் கொஞ்சம் கொஞ்சமாக நின்றுபோனது. தாத்தா நிற்கவில்லை. 2005ல் வடதமிழ்நாடு முழுக்கக் கொட்டித் தீர்த்த மழையில் அவருக்கு எழுபது தாண்டியிருந்தது, எனக்குப் பத்துப் பன்னிரண்டு வயது. அன்றைக்கு யாரும் அவரை அனுப்பவில்லை. யாரும் ஒரு படி நெல் தரப்போவதும் இல்லை. சாக்கைக் கொங்காணி போட்டுக்கொண்டு கிளம்பினார். நானும் பின்னால் ஓடினேன்.

கரையின் வெளிப்பக்கம் அடிவாரத்தில் ஓரிடத்தில் தண்ணி கசிந்தது. குனிந்து இரண்டு கையிலும் ஏந்தி லாந்தர் வெளிச்சத்தில் பார்த்தார். "பயப்படாத. தெளிஞ்சுதான் வருது. தெளிஞ்சு வந்தா ஏரி மூச்சு உடுதுன்னு அர்த்தம். கலங்கி வந்தாத்தான் மண்ணு கரைஞ்சு வருது. அப்பறம் ஒரு நாழி தாங்காது." இன்னும் கொஞ்சம் தள்ளி நண்டு வளை ஒன்றில் தண்ணீர் கலங்கலாக வந்தது. வைக்கோலும் களிமண்ணும் சேர்த்துத் திரட்டி, குதிகாலால் மிதித்து அடைத்தார். விடியற்காலம் வரைக்கும் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தோம். கரைக்கு உள்ளே ஊறிவரும் நீர் மண்ணைச் சுமந்துகொண்டு வருகிறதா, வெறும் நீராக வருகிறதா என்பதைப் பார்த்துத்தான் அணைக்கட்டின் ஆபத்தைக் கணிக்கிறார்கள் என்று பின்னால் ஒரு பொறியாளர் நண்பர் எனக்கு விளக்கினார். எனக்கு அது புதுசாக இல்லை.

2

தாத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் மாசம், காத்து, பறவை மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துப் படிப்பார். எங்கள் பக்கம் ஆடியில் அடிப்பது மேற்கத்திக் காத்து. அந்தக் காலத்து மழை சாயங்காலம் இடித்துப் பெய்துவிட்டு ஓடிவிடும். ஒரு உழவு மழை, ரெண்டு உழவு மழை என்று சொல்வதோடு சரி. ஏரி ரொம்பாது. ஏரி ரொம்புவது ஐப்பசி, கார்த்திகையில் கிழக்கே கடலிலிருந்து வரும் மழையில். புரட்டாசிக் கடைசியில் மேற்கத்திக் காத்து செத்துப்போய் நாலைந்து நாள் இலை அசையாமல் புழுங்கும். அதற்குப் பிறகு வாடை திரும்பும். "காத்து திரும்பிட்டுது, மதகைப் பாக்கணும்" என்பார். வடகிழக்குப் பருவமழை தொடங்கியது என்று ரேடியோ அறிவிப்பதும் இதைத்தான்.

எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு கரைமேட்டுக்கு ஏறுவது, தட்டான் பூச்சி கூட்டமாக இடுப்பளவு உயரத்தில் பறப்பது, வயல் நண்டு வளையை விட்டு வரப்புமேல் வருவது எல்லாம் அவருக்குத் தாக்கல். முதல் மழைக்கு மறுநாள் ஈசல் கிளம்பும். புற்றுக்குப் பக்கத்தில் குழி வெட்டி விளக்கு வைத்தால் வந்து விழும். ஆயா அதை அரிசியோடு வறுத்துத் தரும். மழையை நாங்கள் கண்ணால் மட்டும் பார்த்ததில்லை, வாயாலும் அறிந்திருக்கிறோம்.

பறவைக் கணக்கு ஆயாவுடையது. நாற்று நடவுக்குப் போகிற பெண்கள்தான் முதலில் பார்ப்பார்கள். வெள்ளையாக இருந்த உண்ணிக்கொக்குக்குத் தலையும் கழுத்தும் காவி நிறமாக மாறினால் கூடு கட்டப்போகிறது என்று அர்த்தம். நத்தைக்குத்தி நாரை வயலில் கும்பலாக இறங்கினால் அடித்தண்ணீர் நின்றிருக்கிறது, நத்தை கிடக்கிறது என்று அர்த்தம். "பறவ ஏமாறாதுடா. தண்ணி இல்லாத ஏரியில முட்டை வைக்காது" என்று ஆயா சொல்லும். அதில் கணக்கு இருக்கிறது. நாரைகள் ஏரிக்குள் தண்ணீரில் நிற்கும் கடம்ப மரத்திலும் கருவேல மரத்திலும் கூடு கட்டுகின்றன. கீழே தண்ணீர் இருக்கும் வரைக்கும் பூனை, நரி எதுவும் ஏறமுடியாது. முட்டை பொரிந்து குஞ்சு பறக்க மூன்று நான்கு மாசம் ஆகும். அதனால் பறவை கூடு கட்டினால் இந்த வருஷம் ஏரி தை, மாசி தாண்டி நிற்கும், ஒரு போகம் தப்பாது, நமக்கு அறுப்பு வேலை உண்டு என்று அர்த்தம். பறவை வராத வருஷம் ஆயா கடன் வாங்க ஆள் தேடும்.

இதைத்தான் இயற்கையை ரசிப்பது என்று சொல்ல என்னால் முடியவில்லை. சோத்துக்கு வழி உண்டா என்று வானத்தைப் பார்த்தவர்களின் அறிவு இது. ரசனை இல்லையா என்றால், இருந்தது. சாயங்காலம் ஆனதும் வக்காக்கள் கத்திக்கொண்டு இரை தேடக் கிளம்பும்போது, "நமக்கு வேல முடிஞ்சுது, அதுக்கு வேல ஆரம்பிச்சுது, அதுவும் ராக்காவல் ஜாதி" என்று தாத்தா சொல்வார். அந்தப் பேச்சில் பிரியம் இருந்தது.

3

இப்போது அதே பிளேஸ் துரையிடம் திரும்பி வருகிறேன்.

மதுராந்தகத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கிறது வேடந்தாங்கல். 30 ஹெக்டேர் அளவுள்ள ஏரி. கூழைக்கடா, நத்தைக்குத்தி, மஞ்சள்மூக்கு நாரை, அரிவாள்மூக்கன், கரண்டிவாயன், பாம்புத்தாரா, நீர்க்காகம் என்று மழைக்காலத்தில் வந்து குவிகின்றன. பறவை எச்சம் விழுந்த தண்ணீர் உரத்துக்குச் சமம். அதைப் பாய்ச்சினால் பயிர் கருத்து நிற்கும். அதனால் ஊரார் பறவையைச் சுட விடமாட்டார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுட ஆரம்பித்ததும் ஊரார் கலெக்டர் பிளேஸிடம் முறையிட்டு, பறவைகளைச் சுடக்கூடாது என்று 1798 வாக்கில் கவுல் வாங்கினார்கள் என்பது எல்லா நூல்களிலும் இருக்கிற செய்தி. 1858ல் மறுபடியும் கலெக்டரிடம் போய் அதை உறுதி செய்துகொண்டார்கள். 1936ல் சரணாலயம் ஆனது. 1998ல் சுற்றிலும் 5 கிலோமீட்டர் வரைக்கும் சரணாலயம் என்று அரசாணை வந்தது. 2022ல் வேடந்தாங்கலும் பக்கத்துக் கரிக்கிலியும் ராம்சர் பட்டியலில் ஏறின. இந்தியாவின் மிகப் பழைய பறவைக் காப்பிடங்களில் ஒன்று என்று பெருமை பேசுகிறோம். பேசவேண்டியதுதான். நல்ல காரியம்.

ஆனால் ஊரார் என்று எழுதியிருக்கிறதே, அந்த ஊரார் யார்? செங்கல்பட்டு மிராசி முறையில் ஊர் என்றால் மிராசுதார்கள். காணி அவர்களுடையது, தரிசு அவர்களுடையது, ஏரி அவர்களுடையது. சேரி குடியிருந்த மனைகூட அவர்களுடையது. கலெக்டர் முன்னால் நின்று மனு கொடுக்கத் தகுதியுள்ள வாய் அவர்களுடைய வாய்தான். பறவை எந்த மாசம் வருகிறது, எந்த மரத்தில் தங்குகிறது, எச்சத் தண்ணீர் எந்த வயலில் வேலை செய்கிறது என்று நாள்தோறும் கண்ட கண்கள் மதகடியில் நின்றன. காகிதத்தில் ஏறியது ஊரின் பேர்.

இன்னொரு வருஷக் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதே செங்கல்பட்டு ஜில்லாவுக்கு 1891ல் கலெக்டராக இருந்த டிரெமன்ஹீர் பறையர்களின் நிலைமை பற்றி ஓர் அறிக்கை எழுதினார். குடியிருக்கும் மனை சொந்தமில்லை. தரிசு நிலம் கேட்டு மனு போட்டாலும் மிராசுதாருக்கே முன்னுரிமை. அதனால் உழுகிறவன் என்றைக்கும் பண்ணையாளாகவே கிடக்கிறான் என்று எழுதினார். அதன் விளைவாக 1892ல் ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்கும் அரசாணை வந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அதைத்தான். 

நாரைக்கு 1798. நமக்கு 1892. நடுவில் 94 வருஷம். மரத்தில் கூடு கட்டிய பறவைக்கு அதன் கூடு அதற்கே என்று துரைத்தனம் எழுதிக்கொடுத்து மூன்று தலைமுறை கழிந்த பிறகுதான், கரைக்குக் கீழே குடிசை கட்டியிருந்தவனுக்கும் ஓர் இடம் வேண்டும் என்று அதே கச்சேரியில் காகிதம் எழுதப்பட்டது. நான் நாரையோடு சண்டைக்கு நிற்கவில்லை. நாரைக்காகப் பேச ஒரு ஊர் இருந்தது. எங்களுக்காகப் பேச நாங்களே பத்திரிகை ஆரம்பிக்கவேண்டி வந்தது. மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893ல் 'பறையன்' என்று பேர் வைத்தே பத்திரிகை நடத்தியது அதனால்தான்.

4

நத்தைக்குத்தி நாரையின் அலகு நடுவில் இடைவெளி விட்டு வளைந்திருக்கும். நத்தையை அழுத்திப் பிடித்து ஓட்டுக்குள்ளிருந்து சதையை உருவித் தின்ன அது தோது. வேடந்தாங்கல் கோபுரத்தில் ஏறி நின்று பைனாகுலரில் அதைப் பார்த்து, என்ன லாகவம் என்று வியக்கிறார்கள். அதே வயலில் அதே நத்தையை எங்கள் ஆயா மடியில் கட்டிக்கொண்டு வந்தது. வேகவைத்து, முள்ளால் குத்தி உருவி, மிளகாய் அரைத்துக் குழம்பு வைத்தது. அதைச் சாப்பிட்டு வளர்ந்தவன் நான். பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாட்டின்போது என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்து போனான். நத்தை தின்கிற பறவைக்குச் சரணாலயம், நத்தை தின்கிற மனுஷனுக்கு ஈனம். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. மூலத்துக்கு நல்ல மருந்து என்று கேள்விப்பட்டு, இருட்டின பிறகு ஆள் விட்டு ஆயாவிடம் நத்தை வாங்கிப்போன வீடுகளும் ஊரில் இருந்தன.

எம்.ஏ. தமிழ் படிக்கும்போது திணைக் கோட்பாடு நடத்தினார்கள். நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் எல்லாம் கருப்பொருள். மருத நிலத்து நாரையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார் ஆசிரியர். தலைவன், தலைவி, பரத்தை எல்லாம் வந்தார்கள். தொல்காப்பியம் பறவையையும் பறையையும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்து வைத்திருப்பது எனக்கு மட்டும்தான் உறுத்தியது போலிருக்கிறது. பறவை வருவதைப் பார்த்தவனும் பறை அடித்தவனும் ஒரே ஆளாக இருக்கமுடியும் என்று யாரும் நடத்தவில்லை. எங்கள் ஊரில் கரை உடையப்போகிறது என்றால் பறை அடித்துத்தான் சனத்தைக் கூட்டுவார்கள். சாவுக்கு அடித்த அதே கை. அன்றைக்கு மட்டும் அந்தச் சத்தம் யாருக்கும் தீட்டாகப் படவில்லை.

நம் இலக்கியத்தில் பருவமும் பறவையும் நிறைய இருக்கின்றன. ஆனால் அவை பெரும்பாலும் பார்க்கப்பட்டவையாக இருக்கின்றன. பார்த்தவனின் கால் சேற்றில் நின்றதா, மாடத்தில் நின்றதா என்று நாம் கேட்க ஆரம்பிக்கவேண்டும்.

5

இங்கே எனக்கே ஓர் எச்சரிக்கை சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. பாரம்பரிய அறிவு என்று இப்போது நிறையப் பேசுகிறார்கள். சுற்றுச்சூழல் கூட்டங்களில் நீர்க்கட்டிகளுக்குத் துண்டு போடுகிறார்கள். ஒரு கூட்டத்தில் இந்தக் கதைகளை நான் சொன்னதும், இந்த அறிவு அழியக்கூடாது, உங்கள் பிள்ளைகள் இதைத் தொடரவேண்டும் என்று ஒருவர் உருக்கமாகக் கேட்டுக்கொண்டார். அவருடைய பிள்ளை எங்கே படிக்கிறது என்று நான் கேட்கவில்லை. தாத்தா என்னை ஏரிக்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனதற்காக எங்க அப்பா அவரோடு சண்டை போட்டார். "உன் மண்வெட்டியை அவன் கையில குடுக்காத" என்றார். அப்பா சொன்னதும் வரலாறுதான். அடிமை வேலையில் விளைந்த அறிவைக் கொண்டாடிவிட்டு, அடிமை வேலையை மறந்துவிட முடியாது. ஆண்டே என்று கும்பிட்டு நின்ற கைதான் கசிவுத் தண்ணீரை ஏந்திப் பார்த்தது. இரண்டையும் சேர்த்தே எழுதவேண்டும்.

அந்த அறிவு வேலை மாறினாலும் எங்களோடு வரட்டும். நீர்க்கட்டியின் பேரன் பொறியாளராகி ஏரி மராமத்துக்குத் திட்டம் போடட்டும். ஆயாவின் பேத்தி பறவையியல் படித்துக் கூடுகளைக் கணக்கெடுக்கட்டும். தண்ணீர் பங்கிடுகிற இடத்தில் நாங்கள் இருப்போம், ஆனால் பாய்ச்சுவதற்குச் சொந்த நிலத்தோடு இருப்போம்.

நிலம் என்று கேட்டபோது என்ன கிடைத்தது என்பதும் இந்த ஜில்லாவுக்குத் தெரியும். 1892ன் பஞ்சமி நிலங்கள் பிறர் கைக்குப் போய்விட்டன. காரணையில் அந்த நிலத்தை மீட்கப் போராடியவர்கள்மேல் 1994 அக்டோபர் 10ஆம் தேதி போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் செத்தார்கள். புரட்டாசி முடிகிற நேரம். காத்து திரும்பி, வேடந்தாங்கலுக்குப் பறவைகள் வரத் தொடங்குகிற நேரம். பறவையைச் சுடக்கூடாது என்று கவுல் எழுதிய அதே செங்கல்பட்டுச் சீமை.

இதைப் படிக்கிற தோழர்களிடம், முக்கியமாக மாணவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் சேரிக்குப் போங்கள். உங்கள் ஊர் ஏரிக்கு நீர்க்கட்டியாக இருந்தவர்கள் யார் யார் என்று கிழவன் கிழவியிடம் கேட்டு, பேரை எழுதுங்கள். எந்தப் பறவையை எந்தப் பேர் சொல்லி அழைத்தார்கள், எதைப் பார்த்து மழை என்றார்கள், எத்தனை மரக்கால் கூலி, யார் குறைத்து அளந்தது, இன்றைக்கு அந்தக் குடும்பத்துக்கு மனைப்பட்டா உண்டா, எல்லாவற்றையும் எழுதுங்கள். தாலுகா ஆபீசில் பஞ்சமி நிலக் கணக்கைக் கேட்டு வாங்கி அதன் பக்கத்தில் வையுங்கள். ஒரு பேரை எழுதுவதும் ஒரு சர்வே எண்ணைக் கேட்பதும் வேறு வேறு வேலை இல்லை.

தாத்தா செத்தது ஒரு கார்த்திகையில். ஏரி ரொம்பிக் கலங்கல் போய்க்கொண்டிருந்தது. சுடுகாட்டுக்குப் போக ஏரிக்கரைதான் வழி. ஊர்ப் பக்கம் இருக்கும் நல்ல பாதையில் எங்கள் பிணத்தை விடமாட்டார்கள். அதனால் அவர் அடைத்த கசிவுகளின் மேலேயே அவரைத் தூக்கிக்கொண்டு நடந்தோம். கரை வழுக்கியது. ஆனால் தாங்கியது.